கடலில் போட்ட கோடு: நார்ஃபோக் பக்கம் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் வேலை

கேள்வி: என் தங்கை கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். விர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்குக்கு மாற்றலாகி, விர்ஜீனியா பீச்சில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கை நர்ஸ். அந்தப் பக்கம் யார் தேர்தலில் நின்றாலும் "ராணுவக் குடும்பங்களுக்கு, முன்னாள் படைவீரர்களுக்கு, கடலோர மக்களுக்கு உழைப்பேன்" என்றே சொல்கிறார்களாம். இது வெறும் மேடைப் பேச்சா? ஒரு உறுப்பினரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

பதில்:

பாதி மேடைப் பேச்சு. மீதிப் பாதி வேலைதான், ஆனால் அது நடக்கிற இடம் டிவியில் வராது.

நான் விர்ஜீனியா பீச்சில் 16 வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் முன்னாள் படைவீரர் சங்கக் கூடம் ஒன்றில் உதவிக்குப் போவேன். விண்ணப்பம் எழுதுவதற்கு முறையாக அங்கீகாரம் பெற்றவர் ஒருவர் அங்கே இருக்கிறார். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவது, நகல் எடுப்பது, காபி போடுவது என் பொறுப்பு. அந்த மேஜையிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் இடம். காங்கிரஸ் என்றதும் நமக்குக் கட்சி நினைவுக்கு வரும்; இங்கே அது நாடாளுமன்றம். கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர். விர்ஜீனியாவின் 2ஆம் தொகுதியில் விர்ஜீனியா பீச்சும், செசபீக் விரிகுடாவுக்கு அக்கரையில் நீண்டு கிடக்கிற ஈஸ்டர்ன் ஷோரும் வருகின்றன. ஓஷியானா விமானத் தளம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. போர் விமானம் தாழப் பறந்தால் போனில் பேசுகிறவர் தானாகவே பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் தொடர்வார். உலகிலேயே பெரிய கடற்படைத் தளமான நார்ஃபோக் பக்கத்தில். 2019 தொடங்கி 2023 ஆரம்பம் வரை இங்கே எலைன் லூரியா உறுப்பினர், ஜனநாயகக் கட்சி, 20 வருடம் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 2022 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் ஜென் கிகன்ஸ், குடியரசுக் கட்சி, கடற்படை ஹெலிகாப்டர் விமானியாக இருந்து பிறகு உங்கள் தங்கையைப் போல மருத்துவப் பணிக்கு வந்தவர். கொள்கையில் எதிரும் புதிருமான இரண்டு பேர். ஆனால் நீங்கள் சொன்ன அந்த மூன்று தரப்பையும் ஒதுக்கிவிட்டு இங்கே யாராலும் ஜெயிக்க முடியாது. ஆகவே "ஆதரிக்கிறேன்" என்ற சொல்லுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை பெரியவர் ஒருவர் ஷூ பெட்டி நிறையக் காகிதத்தோடு வந்தார். வியட்நாம் போரின்போது கடற்படைக் கப்பல் ஒன்றில் கொதிகலன் அறையில் வேலை. பிற்காலத்தில் சர்க்கரை நோய், இரண்டாம் வகை. வியட்நாமில் அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியோடு தொடர்புள்ளதாக அரசே ஒப்புக்கொண்ட நோய்களில் அதுவும் ஒன்று. 1991இல் வந்த சட்டப்படி, வியட்நாமில் பணியாற்றியவருக்கு அந்த நஞ்சு பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இவர் 2009இல் கேட்டபோது இல்லை என்று கடிதம் வந்திருந்தது. காரணம்: கால் மண்ணில் படவில்லை.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. படைவீரர் நலத் துறையின் அன்றைய விதியே அதுதான். அந்தத் துறையை இங்கே எல்லாரும் வி.ஏ. என்பார்கள். வியட்நாம் மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும், அல்லது உள்நாட்டு ஆறுகளில் படகு ஓட்டியிருக்க வேண்டும். கரைக்கு அப்பால் கப்பலில் இருந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. மாலுமிகள் கேட்டது எளிய கேள்வி: ஆறு அடித்துக்கொண்டு வந்த நஞ்சு கடலில்தானே கலந்தது, அந்தக் கடல் தண்ணீரைத்தானே கப்பலில் காய்ச்சி வடித்துக் குடித்தோம்? ஆஸ்திரேலியக் கடற்படைக்காகச் செய்த ஆய்வு, அப்படி வடிப்பதால் நஞ்சு நீங்குவதில்லை, இன்னும் செறிவாகிறது என்று காட்டியது.

2018இல் பிரதிநிதிகள் சபை இதற்கான மசோதாவை 382க்குப் பூஜ்யம் என்று நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் செலவைக் காரணம் காட்டி ஒன்றிரண்டு பேர் ஆட்சேபிக்க, அது அங்கேயே படுத்துவிட்டது. 2019 ஜனவரியில் புரொகோப்பியோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாலுமிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடம் மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 410க்குப் பூஜ்யம். ஜூன் 25இல் சட்டமானது. அந்தச் சட்டம் கடலில் ஒரு கோடு போட்டது: வியட்நாம் கரையை ஒட்டிச் சட்டமே குறித்த அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல். அதற்குள் கப்பல் வந்திருந்தால் போதும்.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது இன்னொரு உட்பிரிவு. 1985 செப்டம்பர் 25க்கும் 2020 ஜனவரி 1க்கும் இடையே விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டவர் மறுபடி வந்தால், பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே இழப்பீடு கணக்கிடலாம். இந்த ஒரு உட்பிரிவை யாரும் மேடையில் பேசிக் கைதட்டு வாங்க முடியாது. ஆனால் அன்று கூடத்தில், கப்பலின் தினசரிப் பதிவேட்டில் ஒரு இரவின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தேடிப்பிடித்து வரைபடத்தில் பென்சிலால் குறித்தபோது, புள்ளி கோட்டுக்குள் விழுந்தது. பெரியவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அவருக்குக் கணக்கு 2009இலிருந்து தொடங்கியது. குழு அறையில் உட்கார்ந்து அந்த வாசகத்தை எழுத வைத்தது யாரோ, அவர்கள் செய்ததுதான் "முன்னாள் படைவீரருக்கு உழைப்பது". (பணம் வானத்திலிருந்து வரவில்லை. படைவீரர் வீட்டுக்கடனுக்கான கட்டணத்தை மாற்றித்தான் இதற்கு வழி செய்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொடுத்ததை இன்னொரு பிரிவிடம் கொஞ்சம் வாங்கினார்கள் என்றும் சொல்லலாம்.)

சட்டம் ஒரு பக்கம். அன்றாடம் உறுப்பினரின் அலுவலகத்துக்கு வருவது சட்டம் கேட்டு அல்ல, "என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது?" என்று கேட்டு. இதைக் கேஸ்வொர்க் என்பார்கள். ஒரு உறுப்பினர் 18 முழுநேர ஊழியர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. வாஷிங்டனுக்கும் தொகுதிக்கும் சேர்த்துத்தான் அந்த 18. ஊரில் இருக்கிற இரண்டு மூன்று பேர்தான் இந்தக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்.

இதில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. நம்மூரில் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று பழகியவர்கள், இங்கேயும் அதே என்று நினைக்கிறார்கள். உறுப்பினர் எழுதினால் வி.ஏ. முடிவை மாற்றிக்கொள்ளாது, மாற்றவும் கூடாது. நடப்பது வேறு. ஒவ்வொரு துறையிலும் காங்கிரஸுக்குப் பதில் சொல்லவென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கேள்வி அந்த வழியாகப் போனால், அடியில் கிடந்த கோப்பை யாராவது ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். பார்த்தால்தானே மருத்துவ அறிக்கையின் மூன்றாம் பக்கம் ஸ்கேன் ஆகவில்லை என்று தெரியும்! நான் பார்த்தவரை பாதித் தாமதம் இப்படிப்பட்டது. அப்புறம், 1974ஆம் வருடத் தனியுரிமைச் சட்டப்படி, நீங்கள் கையெழுத்திட்டு அனுமதி தராமல் உறுப்பினரின் அலுவலகம் உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்கவே முடியாது. முதல் நாளே அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் போன் செய்துகொண்டே இருந்தவர்களை அறிவேன்.

காகிதமே இல்லாதவர்களும் உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் கிடங்கு எரிந்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912இலிருந்து 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அழிந்தது. அப்படிப்பட்டவரின் குடும்பத்துக்குச் சம்பளப் பதிவு, மருத்துவமனைப் பதிவு என்று வேறு திசையில் தேடச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பொறுமைசாலி ஊழியர் உறுப்பினரிடம் இருந்தால், அந்தத் தொகுதி கொடுத்துவைத்தது.

தமிழில் வரி என்றால் எழுதுகிற வரியும்தான், கட்டுகிற வரியும்தான். இங்கே "விதவை வரி" என்று ஒன்று இருந்தது. இரண்டு பொருளும் அதற்குப் பொருந்தும். ஓய்வுபெற்ற படைவீரர் தன் ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒரு தொகை பிடிக்கச் சம்மதித்தால், அவருக்குப் பிறகு மனைவிக்கோ கணவருக்கோ ஒரு தொகை வரும். அது காப்பீடு மாதிரி, அவரே காசு கட்டியது. பணியால் வந்த பாதிப்பில் அவர் இறந்தால், வி.ஏ. தனியாக இன்னொரு தொகை கொடுக்கும். 1972 முதல் என்ன செய்தார்கள் என்றால், வி.ஏ. கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் காப்பீட்டிலிருந்து ஒரு டாலரைக் கழித்துக்கொண்டார்கள். வலது கையில் கொடுத்து இடது கையில் வாங்குவது. சுமார் 65,000 பேர் இதில் மாட்டியிருந்தார்கள். வருடா வருடம் இதை நீக்க மசோதா வரும், கூட்டாக முன்மொழிந்தவர் பட்டியல் நீளும், செலவுக்கு வழியில்லை என்று விழும். கடைசியில் 2019 டிசம்பரில் வருடாந்தரப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்துக்குள் அதை நுழைத்து, 2021 தொடங்கி மூன்று வருடத்தில் படிப்படியாக நீக்கினார்கள்.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது அந்த வருடாந்தரச் சட்டம்தான். தனி மசோதாவாகப் போனால் பத்து வருடம் நிற்கும். பாதுகாப்புச் சட்டம் எப்படியும் நிறைவேறும் என்பதால், கெட்டிக்கார உறுப்பினர்கள் தங்கள் வேண்டுகோளை அதற்குள் ஏற்றிவிடுவார்கள், கடைசி பஸ்ஸில் மூட்டையை ஏற்றுவது போல. ஆயுதப்படைகள் குழுவில் இடம் கிடைக்க ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் இதனால்தான். லூரியாவும் அங்கே இருந்தார், கிகன்ஸும் அங்கே போனார்.

ராணுவக் குடும்பங்களுக்கு வந்த நல்லதில் பெரும்பாலானது அந்த பஸ்ஸில் வந்ததுதான். ராணுவக் குடியிருப்புகளைத் தனியாரிடம் விட்டதில் பூஞ்சை, ஒழுகல், எலி என்று புகார்கள் குவிய, 2019 பிப்ரவரியில் படைவீரர்களின் மனைவிகள் செனட் குழு முன்னால் போய் உட்கார்ந்து சொன்னார்கள். அந்த வருடச் சட்டத்தில் குடியிருப்போர் உரிமைப் பட்டியல் வந்தது. வீட்டின் ஏழு வருடப் பழுதுபார்ப்பு வரலாற்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது அதில் ஒன்று. 2025 ஏப்ரலில் கீழ்நிலைப் படைவீரர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த 10 சதவீதச் சம்பள உயர்வும் அப்படித்தான்.

ஆனால் எல்லாமே அந்த பஸ்ஸில் ஏறாது. கடலோரக் காவல் படையைப் பாருங்கள். சீருடை உண்டு, ராணுவச் சட்டம் உண்டு, ஆனால் அமைதிக் காலத்தில் அது பாதுகாப்புத் துறையின் கீழ் இல்லை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ். காங்கிரஸில் செலவு மசோதாக்கள் சில நிறைவேறாமல் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அரசு இயந்திரம் முடங்கியது. பாதுகாப்புத் துறைக்குப் பணம் முன்பே ஒதுக்கியிருந்ததால் கடற்படைக்குச் சம்பளம் வந்தது. கடலோரக் காவல் படைக்கு ஜனவரி 15இல் வர வேண்டிய சம்பளம் வரவில்லை. ஒரே தெருவில் இரண்டு சீருடை. ஒரு வீட்டில் சம்பளம், அடுத்த வீட்டில் இல்லை. அந்த வாரம் எங்கள் கூடத்தில் முதியவர்களுக்காக வைத்திருந்த மளிகைப் பைகளை இருபது வயதுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனார்கள். பணிக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. முடக்கத்தின்போது படைகளைப் புகழ்ந்து அறிக்கை விடுகிற உறுப்பினரை விட, முடக்கமே வராமல் வாக்களிக்கிற உறுப்பினர் மேல் என்பது என் கட்சி. வேறு கட்சி எனக்கு இல்லை.

இப்போது கடல்.

நார்ஃபோக் தளத்தை ஒட்டி சூவெல்ஸ் பாயின்ட்டில் 1927 முதல் கடல்மட்டத்தை அளந்துவருகிறார்கள். நூறு வருடத்துக்கு ஒன்றரை அடி என்ற கணக்கில் ஏறுகிறது. தண்ணீர் ஏறுவது மட்டும் காரணமில்லை, நிலமும் இறங்குகிறது. பனியுகத்தில் வடக்கே படர்ந்திருந்த பனிப்பாளத்தின் கனத்தால் இந்தப் பக்கம் மேலெழுந்த நிலம் இன்னும் படிந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மண் அமுங்குகிறது. விளைவு, மழையே இல்லாத நாளிலும் பௌர்ணமி அலையில் தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கும். தளத்துக்குப் போகிற ஹாம்ப்டன் புலவார்ட் சாலையே மூழ்குவது உண்டு. தளத்துக்குள் சுவர் கட்டலாம், மேடாக்கலாம். மாலுமி வீட்டிலிருந்து வாசல்வரை வரவேண்டுமே! வாசலுக்கு வெளியே உள்ள சாலை ஊருடையது, பாதுகாப்புப் பணத்தை அங்கே செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. 2019 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், தளத்துக்கு வெளியே இருக்கிற சமூகக் கட்டமைப்புக்கும் மானியம் தரலாம் என்று ஒரு திட்டம் சேர்த்தார்கள். ராணுவமும் கடலோரமும் ஒரே கேள்வியாக இருக்கிற ஊர் இது என்பதற்கு அந்தத் திட்டமே சாட்சி.

பெரிய வேலைகள் ராணுவப் பொறியாளர் படையின் கையில். அவற்றுக்கு இரண்டு பூட்டு: ஒரு சட்டம் அனுமதி தர வேண்டும், இன்னொரு சட்டம் பணம் தர வேண்டும். அனுமதி வாங்கிவிட்டு, "கொண்டுவந்தேன்" என்று போட்டோ எடுப்பவர்கள் உண்டு. பணம் வரப் பத்து வருடம் ஆகும், சில நேரம் வராது. நார்ஃபோக் வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு 2020இல் அனுமதி, 2022 ஜனவரியில் உள்கட்டமைப்புச் சட்டத்திலிருந்து 24 கோடியே 90 லட்சம் டாலர். மொத்த மதிப்பீடு 260 கோடி டாலரைத் தொட்டுவிட்டது; அதில் 35 சதவீதம் ஊர் தன் பங்காகத் தேட வேண்டும்.

அந்தத் திட்டத்தில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று. எங்கே சுவர் கட்டுவது என்பதைச் செலவுக்கு எவ்வளவு நஷ்டம் தப்பும் என்ற கணக்கு முடிவு செய்கிறது. நஷ்டம் என்றால் கட்டட மதிப்பு. நகரின் மையத்தில் விலை உயர்ந்த கட்டடங்கள், சுவர் வரும். எலிசபெத் ஆற்றுக்குத் தெற்கே, கறுப்பின மக்கள் தலைமுறையாக வாழ்கிற பகுதிகளில் வீட்டு விலை குறைவு. அங்கே சுவர் இல்லை, வீட்டை உயர்த்திக்கொள்ள உதவி என்று மட்டும் எழுதினார்கள். அதே கணக்கில் டாஞ்சியர் தீவும் தோற்கிறது. விரிகுடா நடுவே இருக்கிற அந்தத் தீவில் சுமார் 400 பேர், பெரும்பாலோர் நண்டுத் தொழில். 1850இலிருந்து தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் கரைந்துவிட்டது. முன்பு தெருவாக இருந்த இடத்தில் இன்று படகு போகிறது. நானூறு பேர் வாக்கு எந்தத் தேர்தலையும் மாற்றாது. அந்தக் கணக்கின் சூத்திரத்தை மாற்றச் சொல்லி எழுதவும் கேட்கவும் அதிகாரம் உள்ளவர் உறுப்பினர்தான், பொறியாளர் அல்ல. கடலோர மக்களுக்கு உழைத்தேன் என்று ஒருவர் சொன்னால், இந்த இடத்தில் என்ன செய்தார் என்று கேட்பேன்.

மணல் விஷயம் சுருக்கமாக: விர்ஜீனியா பீச் கரை தானாக அகலமாக இல்லை, கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கொட்டிக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் காங்கிரஸ் பணம் வேண்டும்.

யார் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, காங்கிரஸின் சொந்த இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் போதும். முதலில் முன்மொழிந்தவரா, பின்னால் பெயர் மட்டும் சேர்த்தவரா, குழுவில் திருத்தம் கொண்டுவந்தாரா, கடைசி வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். லூரியாவின் பெயரில் 2019இல் சட்டமான ஒன்று: முன்னாள் படைவீரர் இழப்பீட்டை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது. அதற்குத் தனியாகச் சட்டம் போடுவதே இங்கே வழக்கம்; அந்த முறை 1.6 சதவீதம் உயர்ந்தது. பெரிய சாதனையாகத் தெரியாது, ஆனால் போடாமல் விட்டால் எல்லாருக்கும் வலிக்கும். கிகன்ஸ் முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவில், வி.ஏ.வைக் கண்காணித்து விசாரிக்கிற துணைக்குழுவுக்குத் தலைவரானார். அந்த நாற்காலியில் அளவுகோல் மசோதா எண்ணிக்கை இல்லை, அதிகாரிகளை உட்கார வைத்து என்ன கேட்டார், பிறகு என்ன மாறியது என்பது.

உங்கள் தங்கைக்கு மூன்று விஷயம். 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, கணவரின் மாற்றல் உத்தரவால் மாநிலம் மாறுகிறவரின் தொழில் உரிமம் புது மாநிலத்திலும் செல்லும். நர்ஸுகளுக்கு இது முக்கியம். மாற்றல் உத்தரவின் நகலோடு விர்ஜீனியா நர்சிங் வாரியத்திடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள், வேலைக்கு எடுப்பவர்களுக்கே சில நேரம் இது தெரிவதில்லை. இரண்டாவது, சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு தனி. வீட்டுக்கு 2,50,000 டாலர் வரைதான். கடனோடு வீடு வாங்கும்போதே எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். புயல் செய்தி கேட்டுவிட்டு எடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தையே காங்கிரஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டித்து வருகிறது, 2025 அக்டோபரில் முடக்கத்தின்போது அது காலாவதியாகி, புதுப் பாலிசி கிடைக்காமல் வீடு வாங்கவிருந்தவர்கள் தவித்தார்கள். மூன்றாவது, வீடு பார்க்கப் போகிற நாளைக் காலண்டரில் பௌர்ணமி பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அலை ஏறுகிற நேரத்தில் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து, சாக்கடை மூடியிலிருந்து தண்ணீர் மேலே வருகிறதா என்று மாப்பிள்ளை பார்த்துவிடட்டும்.